அண்ணப் பிளவு மூடிய பிறகும் பேச்சு மூக்கில் வருகிறது: இரண்டாவது அறுவை சிகிச்சையா, பேச்சுப் பயிற்சியா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு இப்போது ஐந்து வயது நடக்கிறது. பிறக்கும்போது உதட்டில் பிளவு இல்லை. அண்ணத்தில் மட்டும் இருந்தது. முதல் பிறந்த நாளுக்குச் சற்று முன்னதாகவே அறுவை சிகிச்சை செய்து அண்ணத்தை மூடிவிட்டார்கள். புண் நன்றாக ஆறியது, குடித்த பால் மூக்கு வழியாக வருவது நின்றது, எடையும் ஏறியது. இனிக் கவலையில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் இருந்தோம். பேசத் தொடங்கிய பிறகுதான் அடுத்த கவலை வந்தது.

அவள் பேசுவது முழுக்க மூக்கில் ஒலிக்கிறது. "அப்பா" என்று கூப்பிட்டால் "அம்மா" என்று காதில் விழுகிறது. நானும் என் கணவரும் ஒருசேரத் திரும்பிப் பார்க்கிறோம். "தட்டு" என்பது "நண்ணு" என்று வருகிறது. "காக்கா" என்ற சொல்லில் ககரம் வருவதே இல்லை. தொண்டைக்குள் பட்டென்று அடைத்துத் திறப்பது போன்ற சிறு ஒலியும், அதையடுத்து ஆகாரமும் மட்டுமே கேட்கின்றன. பழக்கத்தால் எங்களுக்குப் புரிந்துவிடுகிறது. பள்ளியில் ஆசிரியைக்கும் உடன் படிக்கும் பிள்ளைகளுக்கும் பாதிகூடப் புரிவதில்லை. வீட்டில் ஓயாமல் பேசுகிறவள், வெளியாட்கள் எதிரில் வாயைத் திறக்காமல் கையால் காட்டத் தொடங்கியிருக்கிறாள்.

மூன்று இடங்களில் கருத்துக் கேட்டோம். ஒரு மருத்துவர், தொண்டையிலிருந்து சதை எடுத்து அண்ணத்தோடு தைக்கும் அறுவை சிகிச்சையை உடனே செய்துவிடலாம் என்றார். இன்னொருவர், ஓராண்டு பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். மூன்றாமவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, அண்ணம் நன்றாக மூடியிருக்கிறது, வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூவரும் படித்தவர்கள், மூன்று பதில்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. முதல் அறுவை சிகிச்சை சரியாகச் செய்யப்படவில்லையா? இன்னொன்று செய்தால் பேச்சு தெளியுமா? அதனால் மூச்சுக்கு ஆபத்து உண்டா? இந்த வழியில் சென்றவர்களும் துறை சார்ந்தவர்களும் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பேச்சுப்பயிற்சி_திருச்சி எழுதியது:

வணக்கம் அம்மா. பிளவுக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பதே என் வேலை. நீங்கள் கேட்டதைக் கேட்டபடியே எழுதியிருப்பதால் சில செய்திகளை உறுதியாகச் சொல்ல முடிகிறது, ஆனால் குழந்தையைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது.

நாம் வல்லின எழுத்து ஒன்றை ஒலிக்கும்போது, அண்ணத்தின் பின்பகுதியான மென்னண்ணம் மேலெழுந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டு, மூக்குக்குச் செல்லும் வழியை அடைத்துவிடுகிறது. வாய்க்குள் காற்று அழுத்தம் சேர்ந்து, இதழோ நாவோ விலகும்போது ஒலி பிறக்கிறது. மெல்லினத்துக்கு மட்டும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். கதவு மூடாத குழந்தைக்குப் பகரம் தன் இனமான மகரமாகவும், டகரம் ணகரமாகவும், தகரம் நகரமாகவும் மாறிவிடுகின்றன. உங்கள் மகள் "தட்டு" என்பதை "நண்ணு" என்று சொல்வதில் நாவும் பல்லும் தத்தம் இடத்தில்தான் வேலை செய்கின்றன. காற்றுதான் வழி தவறிப் போகிறது. இந்த வகைக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை, ஏனென்றால் குழந்தை செய்வதில் தவறே இல்லை. மென்னண்ணம் எட்டாத குறை அது. அதை மருத்துவத்தில் வி.பி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

"காக்கா" வேறு கதை. வாயில் அழுத்தம் சேராது என்று பழகிவிட்ட குழந்தை, காற்று மூக்குக்குத் தப்புவதற்கு முன்பே அதைக் குரல்வளையில் தடுத்து நிறுத்தி ஒலி எழுப்பக் கற்றுக்கொள்கிறது. இது குழந்தையாகவே கண்டுபிடித்த மாற்று வழி. எந்த அறுவை சிகிச்சையாலும் இது போகாது. கதவைச் சரிசெய்த பிறகும் பழைய பழக்கமே தொடரும். இதற்குப் பயிற்சி ஒன்றுதான் வழி. ஆகவே, "அறுவை சிகிச்சையா, பயிற்சியா" என்ற கேள்வியை இப்படி மாற்றிக் கேளுங்கள்: என் மகளின் பேச்சில் எந்தத் தவறு அமைப்பால் வந்தது, எது பழக்கத்தால் வந்தது? இதைப் பிரித்துச் சொல்லாமல் யார் எந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்தாலும் அதை ஏற்க வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மெல்லினமே இல்லாத ஒரு வாக்கியத்தை, எடுத்துக்காட்டாக "தாத்தா சட்டை போட்டார்" என்பதை, ஒருமுறை இயல்பாகவும் ஒருமுறை மூக்கை விரலால் பிடித்துக்கொண்டும் சொல்லச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மாதிரி கேட்டால் காற்று மூக்குக்குப் போகவில்லை. பிடித்தபோது ஒலி மாறினால் போகிறது. மூக்குக்குக் கீழே குளிர்ந்த சிறு கண்ணாடியைப் பிடித்தால் "பாப்பா, பாட்டி" என்னும்போது ஆவி படிவதையும் காணலாம். "மரம்", "அவன்" போல மகரத்திலும் னகரத்திலும் முடியும் சொற்களை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். பேச்சுத் தமிழில் அவற்றின் இறுதி உயிரை நாம் எல்லோருமே மூக்கில்தான் ஒலிக்கிறோம். ஆங்கில வாக்கியங்களை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு தமிழ்க் குழந்தையைச் சோதிக்கும்போது இந்த இடத்தில்தான் முடிவு பிழையாகிறது.

இன்னொன்று. ஊதல் ஊதுவது, மெழுகுவத்தி அணைப்பது, உறிஞ்சு குழாயில் தண்ணீர் இழுப்பது போன்ற பயிற்சிகளை இன்னமும் பல இடங்களில் வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறார்கள். ஊதும்போது மென்னண்ணம் அசையும் விதம் வேறு, பேசும்போது அசையும் விதம் வேறு. ஊதிப் பழகியதால் பேச்சு தெளிவதில்லை என்பது துறையில் நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. அந்த நேரத்தில் குழந்தையோடு கதை பேசுவது மேல். காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அண்ணப் பிளவுள்ள குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குவது மிகுதி, சரியாகக் கேளாத ஒலியைக் குழந்தை சரியாகச் சொல்ல முடியாது.

சர்ஜன்_கோவை எழுதியது:

மேலே எழுதியவர் சொன்ன பிரிவினைதான் அடிப்படை. நான் அறுவை சிகிச்சைப் பக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில், முதல் அறுவை சிகிச்சையில் குறையா என்ற கேள்வி. மென்னண்ணத்தைத் தூக்கும் தசை, இயல்பான குழந்தைக்கு இடமிருந்து வலமாகக் குறுக்கே ஓடி நடுவில் ஒன்று சேர்ந்து, கவண் போலத் தொங்குகிறது. பிளவுள்ள குழந்தைக்கு அதே தசை முன்னோக்கித் திரும்பி, அண்ணத்தின் எலும்புள்ள முன்பகுதியான வன்னண்ணத்தின் பின்விளிம்பில் ஒட்டிக்கிடக்கிறது. சவ்வை மட்டும் சேர்த்துத் தைத்தால் துளை மூடும். தசை தன் வேலையைச் செய்யாது. ஆகவே அதை விடுவித்துப் பின்னோக்கித் திருப்பி, நடுவில் சேர்த்துத் தைக்க வேண்டும். அதைச் செம்மையாகச் செய்தாலும் தழும்பு சுருங்குவதாலோ, அண்ணமே பிறவியில் குட்டையாக இருப்பதாலோ சில குழந்தைகளுக்கு எட்டாமல் போகும். பொதுவாக 20 முதல் 30 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு இந்தக் குறை எஞ்சுகிறது என்று பாடநூல்கள் சொல்கின்றன. எனவே மருத்துவரின் கவனக் குறைவு என்று எடுத்த எடுப்பில் எண்ண வேண்டாம்.

தாமதமாகச் செய்ததால் வந்ததா என்றும் பெற்றோர் கேட்பதுண்டு. பிரிட்டன், ஸ்காண்டிநேவிய நாடுகள், பிரேசில் ஆகியவற்றின் 23 மையங்களில், அண்ணப் பிளவு மட்டும் உள்ள, பிற நோயில்லாத 558 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஆறாம் மாதத்திலும் மறுபகுதியினருக்குப் பன்னிரண்டாம் மாதத்திலும் செய்து பார்த்தார்கள். அதன் முடிவு 2023இல் வெளியானது. ஐந்து வயதில் சோதித்தபோது போதிய அடைப்பு இல்லாதவர்கள் முதல் பிரிவில் 8.9 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 15 விழுக்காடு. முன்னதாகச் செய்வதில் நன்மை உண்டு என்பது தெரிகிறது. ஆனால் ஆறு மாதத்தில் செய்தவர்களிலும் பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர்க்குக் குறை எஞ்சத்தான் செய்தது. சிறு குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்த குழு எல்லா ஊரிலும் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சோதனை. வாயைத் திறந்து பார்த்து "மூடியிருக்கிறது" என்று சொன்னவர் தையலைப் பார்த்திருக்கிறார், அடைப்பைப் பார்க்கவில்லை. அடைப்பு நிகழுமிடம் உள்நாக்குக்கு மேலே, பின்னால், வாய் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத இடம். மூக்குக்குள் மரப்பு மருந்து தெளித்து, மெல்லிய வளையும் எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, குழந்தை பேசப்பேச மேலிருந்து பார்க்க வேண்டும். நான்கைந்து வயதுக் குழந்தை, முன்கூட்டியே விளக்கிச் சொன்னால், பெரும்பாலும் ஒத்துழைக்கும். பக்கவாட்டிலிருந்து எடுக்கும் வீடியோ எக்ஸ்ரேயும் உதவும். இடைவெளி எவ்வளவு, மென்னண்ணம் எவ்வளவு எழுகிறது, தொண்டையின் பக்கச் சுவர்கள் உள்நோக்கி வருகின்றனவா என்ற மூன்றும் தெரிந்தால்தான் எந்த அறுவை சிகிச்சை என்று பேச முடியும்.

தசை இன்னும் முன்னோக்கியே கிடக்கிறது, இடைவெளியும் சிறிது என்றால், அண்ணத்தையே மறுபடி திறந்து தசையைப் பின்னுக்குத் திருப்பலாம். அல்லது அமெரிக்க மருத்துவர் ஃபர்லோ 1986இல் வெளியிட்ட முறைப்படி, மேல் கீழ் அடுக்குகளில் எதிரெதிர் திசையில் இசட் வடிவில் வெட்டி மாற்றித் தைத்து, அண்ணத்தை நீட்டவும் தசையைக் குறுக்காக அமைக்கவும் செய்யலாம். அண்ணம் மிகவும் குட்டை என்றால் கன்னத்தின் உட்புறத் தசையையும் சவ்வையும் திருப்பிக் கொண்டுவந்து இடையில் வைத்து நீளம் கூட்டலாம். இவற்றால் மூச்சுப் பாதை அவ்வளவாகக் குறுகுவதில்லை. என் கருத்தில், இடம் கொடுக்கும் குழந்தைக்கு முதலில் இவற்றையே பார்க்க வேண்டும்.

உங்களிடம் முதல் மருத்துவர் சொன்னது ஃபாரிஞ்சியல் ஃபிளாப். 1875இல் ஜெர்மானியர் ஷோன்போர்ன் தொடங்கிவைத்த பழைய முறை. தொண்டையின் பின்சுவரிலிருந்து ஒரு சதைப் பட்டையை ஒரு முனை ஒட்டியபடியே உயர்த்தி மென்னண்ணத்தோடு தைப்பார்கள். நடுவில் நிலையான பாலம் ஒன்று அமையும். இருபுறமும் விடப்படும் துளைகள் வழியாக மூச்சு போகும். பேசும்போது பக்கச் சுவர்கள் உள்ளே வந்து அத்துளைகளை அடைக்கும். பக்கச் சுவர்கள் நன்றாக அசையும் குழந்தைக்கு இது பொருந்தும். பக்கச் சுவர் அசையாமல் அண்ணம் மட்டும் எழும் குழந்தைக்கு, டான்சிலுக்குப் பின்னால் உள்ள தூண்களிலிருந்து இரு பட்டைகளை எடுத்துப் பின்சுவரில் குறுக்கே தைக்கும் ஸ்பிங்க்டர் ஃபாரிஞ்சோபிளாஸ்டியைத் தேர்ந்தெடுப்பார்கள். ஹைன்ஸ் 1950இலும், கொலம்பியாவின் ஓர்டிகோசியா 1968இலும் எழுதிய முறைகளிலிருந்து வந்தது அது. இந்த இரண்டையும் 97 பேரிடம் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு 2005இல் வெளியானது. மூன்றாம் மாதத்தில் ஃபிளாப் செய்தவர்களிடம் மூக்கொலி கூடுதலாக நீங்கியிருந்தது. ஓராண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே ஒன்றே சிறந்தது என்று அடித்துச் சொல்கிறவரிடம், ஏன் என் குழந்தைக்கு இது என்று கேளுங்கள்.

மூச்சைப் பற்றிக் கேட்டீர்கள். அது மெய்யான கேள்வி. ஃபிளாப் செய்த முதல் சில வாரங்களில் வீக்கத்தால் குறட்டையும் வாயால் மூச்சு விடுவதும் பெரும்பாலோருக்கு இருக்கும்; பிறகு குறையும். சிலருக்கு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது நீடித்து, பாலத்தைப் பிரிக்கவும் நேரலாம். எனவே இப்போதே குறட்டை உண்டா, டான்சில் பெரிதா, தாடை சிறிதா என்று பார்க்க வேண்டும். டான்சில் பெரிதாக இருந்தால் அதை முதலில் எடுத்து, சில வாரங்கள் ஆறவிட்டு, பிறகே ஃபிளாப்புக்குப் போவோம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. உதட்டுப் பிளவில்லாமல் அண்ணப் பிளவு மட்டும் உள்ள குழந்தைகளில் சிலருக்கு 22க்யூ11.2 என்னும் குரோமோசோம் பகுதியில் சிறு இழப்பு இருக்கும். இதயக் குறை, அடிக்கடி தொற்று, கால்சியம் குறைவு, படிப்பில் தடுமாற்றம் ஆகியவற்றில் எது உடனிருந்தாலும் இரத்தச் சோதனை செய்தாக வேண்டும். அக்குழந்தைகளுக்குக் கழுத்தின் பெரிய இரத்தக் குழாயே தொண்டைப் பின்சுவரின் நடுப்பகுதிக்கு நகர்ந்திருக்கக்கூடும்; அதே இடத்தில்தான் நாங்கள் கத்தி வைக்கிறோம். முன்னதாக ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் அங்கே தொடக்கூடாது.

நிலாமுற்றம் எழுதியது:

டான்சில் பேச்சு வந்ததால், மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேற்பகுதியில் இருக்கும் சதையான அடினாய்டைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. என் மகனுக்கு ஆறு வயதில், அடிக்கடி சளி பிடிக்கிறது என்று ஒரு தனியார் மருத்துவமனையில் அடினாய்டை எடுத்தார்கள். அதற்கு முன்பு ஓரளவு தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, அறுவை சிகிச்சை முடிந்த வாரத்திலிருந்தே மூக்கில் பேசத் தொடங்கினான். வலியால் இருக்கும், போகப்போகச் சரியாகும் என்றார்கள், சரியாகவில்லை. பிறகு பார்த்த பிளவு மருத்துவர் டார்ச் அடித்து வாய்க்குள் காட்டினார்: உள்நாக்கின் நுனி இரண்டாகப் பிரிந்திருந்தது, அண்ணத்தின் நடுவே நீலம் பாய்ந்த மெல்லிய கோடு ஓடியது, விரலால் தடவினால் எலும்பின் பின்விளிம்பில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. சவ்வுக்கு அடியில் மறைந்திருந்த பிளவு அது. அண்ணம் எட்டாத இடத்தை அடினாய்டுதான் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அதை எடுத்ததும் குறை வெளியே வந்துவிட்டது.

அறுவை சிகிச்சைக்கு முன் ஒரே ஒரு நிமிடம் உள்நாக்கைப் பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அண்ணப் பிளவு மூடிய பிள்ளைகளின் பெற்றோர், அடினாய்டை எடுக்கலாம் என்று யார் சொன்னாலும், பிளவு மருத்துவரைக் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம். பருவ வயதில் அடினாய்டு தானே சுருங்கும்போதும் சில பிள்ளைகளுக்கு மூக்கொலி புதிதாகத் தலைகாட்டலாம் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். அதனால் ஐந்து வயதில் சரியாக இருந்தாலும் பதினைந்து வயது வரை ஒரு கண் வைத்திருங்கள்.

தென்பெண்ணை எழுதியது:

எனக்கு முப்பது வயதாகிறது. அண்ணப் பிளவோடு பிறந்தவன். ஃபிளாப் அறுவை சிகிச்சை பத்தொன்பதாவது வயதில்தான் நடந்தது. அதற்கு முன் அப்படியொன்று இருப்பதையே எங்கள் ஊரில் யாரும் சொல்லவில்லை. மூக்கொலி பெருமளவு குறைந்தது. ஆனால் குரல்வளையில் அடைத்துப் பேசும் பழக்கம் அத்தனை ஆண்டுகளில் வேரோடிவிட்டது. அதைக் களைய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயிற்சி தேவைப்பட்டது. இப்போதும் கோபத்திலோ அவசரத்திலோ பேசினால் ககரம் தொண்டைக்குள் போய்விடுகிறது. "வளர வளரச் சரியாகும்" என்ற சொல்லை நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். குழந்தைப் பருவத்தில் ஒரு பழக்கத்தை மாற்றுவதற்கும், அதை வைத்துக்கொண்டே பள்ளியையும் கல்லூரியையும் கடந்த பிறகு மாற்றுவதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. குழந்தை சொல்வது புரியாதபோது புரிந்தது போலத் தலையாட்டாதீர்கள். நாங்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவோம். "இன்னொரு தடவை சொல்லு, எனக்குக் கேட்க ஆசையாக இருக்கிறது" என்று கேட்டவர்களிடம்தான் நான் தொடர்ந்து பேசினேன்.

யாழ்_வாசகன் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கையின் மகனுக்கும் இதே நிலை. அவனுக்கு இதயக் குறையும் இருப்பதால் இப்போதைக்கு மயக்க மருந்து வேண்டாம் என்கிறார்கள். அறுவை சிகிச்சை இல்லாமல் ஏதும் வழியுண்டா?

சர்ஜன்_கோவை எழுதியது:

உண்டு. பல் மருத்துவத்தில் செயற்கைப் பல் வல்லுநர்கள், பல்லில் மாட்டும் தகட்டின் பின்னால் நீட்சி வைத்துத் தருவார்கள். அண்ணம் நீளமாக இருந்து அசையாதிருந்தால் அதைத் தூக்கிப் பிடிக்கும் வகை. அண்ணம் குட்டையாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் குமிழ் வகை. கொக்கி மாட்டப் பற்கள் வேண்டும், குழந்தை வளர வளர மாற்றிக்கொண்டேயிருக்க வேண்டும், ஆரம்பத்தில் குமட்டும். இருந்தாலும் அறுவை சிகிச்சை செய்ய முடியாத குழந்தைக்கு அது நல்ல துணை. இதயக் குறை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மேலே சொன்ன குரோமோசோம் சோதனையைப் பற்றி அவன் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூக்கைப் பிடித்துச் சொல்லும் சோதனையை அன்றிரவே செய்தோம். ஒலி நன்றாகவே மாறியது. காதுச் சோதனையில் இடது காதில் நீர் இருப்பது தெரிந்து அதற்கும் சிகிச்சை தொடங்கியிருக்கிறது. எண்டோஸ்கோபியும் முடிந்தது. அவளுக்கு இதயக் குறை இல்லை, குறட்டை இல்லை, டான்சில் சிறியது. அண்ணம் ஓரளவு எழுகிறது, நடுவில் சிறிய இடைவெளி நிற்கிறது, மேலே தசை கூடும் மேட்டுக்குப் பதிலாக நடுவில் குழிவு தெரிகிறது, ஆகவே தசை இன்னும் முன்னோக்கியே இருக்கலாம் என்றார் மருத்துவர். அண்ணத்தையே மறுபடி திறந்து சரிசெய்யலாம், ஃபிளாப் இப்போது தேவையில்லை என்பது அவர் கருத்து. உடனே நாள் குறித்துவிடலாமா?

பேச்சுப்பயிற்சி_திருச்சி எழுதியது:

ஒன்று கேட்கிறேன். எண்டோஸ்கோபியின்போது எந்தச் சொற்களைச் சொல்லச் சொன்னார்கள்? ககரச் சொற்களாக இருந்தால் அந்தப் படத்தை அப்படியே நம்ப முடியாது. குரல்வளையில் அடைக்கும் குழந்தைக்கு மென்னண்ணத்தை எழுப்ப வேண்டிய தேவையே இல்லை. அது சும்மா கிடக்கும், இடைவெளி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். எனவே முதலில் சில மாதங்கள் பயிற்சி கொடுத்து, இரண்டு மூன்று வல்லின ஒலிகளையாவது வாயின் சரியான இடத்தில் அமைத்துவிட்டு, பிறகு மறுபடி பார்த்து முடிவெடுப்பதே என் விருப்பம்.

சர்ஜன்_கோவை எழுதியது:

இந்த இடத்தில் நான் சற்று வேறுபடுகிறேன். நீங்கள் சொல்வது பெரிய இடைவெளி தெரிந்து ஃபிளாப்புக்குப் போகும் குழந்தைக்கு முழுக்கப் பொருந்தும். தேவைக்கு மேல் அகலமான ஃபிளாப் வைத்துவிடும் ஆபத்து அங்கே உண்டு. இந்தக் குழந்தைக்குத் தெரிவதே சிறிய இடைவெளி. தசை தவறான இடத்தில் இருப்பது உறுதியானால், அதைத் திருத்துவதைப் பயிற்சியின் பேரில் தள்ளிப்போட வேண்டியதில்லை. காற்று தப்பிக்கொண்டே இருக்கும்போது பகரத்தை எப்படி வலுவாகச் சொல்ல முடியும்?

பேச்சுப்பயிற்சி_திருச்சி எழுதியது:

மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்ல முடியும் ஐயா; பயிற்சியறையில் அப்படித்தான் தொடங்குகிறோம். இடம் சரியாக அமைந்தால் போதும், வலு பிறகு வரும். இருப்பினும் உங்கள் வாதத்தை மறுக்கவில்லை. அம்மா, பதிவில் "பாப்பா", "தாத்தா" போன்ற சொற்களும் இருந்து, அவற்றிலும் அதே சிறிய இடைவெளி தெரிந்திருந்தால், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதில் எனக்கும் தடையில்லை. ககரச் சொற்கள் மட்டும் என்றால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எப்படியிருந்தாலும் பயிற்சியை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் கற்றது எதுவும் வீணாகாது.

வைகைக்கரை எழுதியது:

பதிவை மறுபடி கேட்டோம். "பாப்பா", "பட்டு", "தாத்தா" மூன்றும் இருக்கின்றன. மூன்றிலும் அதே சிறிய இடைவெளிதான் என்று மருத்துவரும் அங்குள்ள ஸ்பீச் தெரபிஸ்ட்டும் சேர்ந்து பார்த்துச் சொன்னார்கள். கோடை விடுமுறையில் செய்வதாக முடிவு செய்திருக்கிறோம். எங்கள் ஊரில் பிளவுக் குழந்தைகளுக்கென்று பயிற்சியாளர் இல்லை. பிறகு என்ன செய்வது?

பேச்சுப்பயிற்சி_திருச்சி எழுதியது:

மகிழ்ச்சி அம்மா. பிளவு மையத்திலேயே தெரபிஸ்ட் இருப்பதால் திட்டத்தை அவர் வகுக்கட்டும். வாரந்தோறும் காணொளி அழைப்பில் பார்த்தால் போதும். திருவண்ணாமலை மாவட்டத்தில், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழகக் குழுவினர் உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே பிளவுக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கிடைக்கச் செய்திருக்கிறார்கள். தெரபிஸ்ட் வழிகாட்ட, அருகில் இருப்பவர் நாள்தோறும் பயிற்றுவிக்கும் முறை நம் ஊர்களில் நடைபெறக்கூடியதே. மைசூரு அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்திலும் இதற்கென்று தனிப் பிரிவு உண்டு. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் இயங்கும் குழந்தைகளுக்கான ஆரம்ப இடையீட்டு மையத்திலும் கேளுங்கள். பிறப்பு முதல் பதினெட்டு வயது வரையான குழந்தைகளுக்கான ஒன்றிய அரசின் ஆர்.பி.எஸ்.கே. என்னும் நலத் திட்டத்தில் பிளவும் அடங்கும்.

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று வாரங்களுக்குக் குழைந்த உணவுதான். முறுக்கு, அப்பளம், கரும்பு எதுவும் கண்ணில் படக்கூடாது, வாய்க்குள் கரண்டியை ஆழமாக விடக்கூடாது. மருத்துவர் அனுமதித்த பிறகு, பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரங்களில், பயிற்சியை மீண்டும் தொடங்கலாம். பேச்சு உடனே மாறவில்லையே என்று முதல் மாதத்தில் கலங்க வேண்டாம். வீக்கம் வடிந்து, தழும்பு இளகி, குழந்தை புதிய அண்ணத்தைப் பயன்படுத்தப் பழகுவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். எண்டோஸ்கோபியை மறுபடி பார்ப்பதும் அப்போதுதான். அதன் பின்னும் காற்று தப்பினால் ஃபிளாப்புக்கான வாய்ப்பு அப்படியே இருக்கிறது. இதைச் செய்ததால் அது அடைபடவில்லை.

பகரத்திலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் இதழ் சேர்வதைக் கண்ணாடியில் குழந்தையே பார்க்க முடியும். முதலில் தனி ஒலி, குரலில்லாமல், மெதுவாக. "ப்" என்று சொல்லி முடித்து ஒரு கணம் நிறுத்தி, பிறகு "ஆ" சேர்க்கச் சொல்லுங்கள். உடனே சேர்த்தால் குரல்வளை பழைய வேலையைக் காட்டிவிடும். அந்த இடைவெளியில் மெல்லிய ஹகரம் போன்ற மூச்சு வந்தால் நல்லது. குரல்வளை திறந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். ககரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அவள் "காக்கா" சொல்வதையும் "தாத்தா சட்டை போட்டார்" சொல்வதையும் கைப்பேசியில் பதிவு செய்து வைத்துவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அதே சொற்களை அதே அறையில், அதே தூரத்தில் வைத்துப் பதிவு செய்து தெரபிஸ்ட்டுக்கு அனுப்புங்கள். வீட்டார் காது பழகிவிடுவதால் முன்னேற்றமும் தெரியாது, தேக்கமும் தெரியாது. அந்தப் பதிவுகளை வைத்துத்தான் அடுத்து என்ன என்று முடிவு செய்வோம்.